இன்னும் பத்தொன்பது நாள் செல்லும்

வாலை வெட்டச் சொன்னவர் சதவீதம் சார். வெட்டியவள் அவள்.

சதவீதம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆய்வுக்கூடத்தின் இயக்குநரான அவர் எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் சொல்வார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நலம் விசாரித்தவர்களிடம், "எண்பது சதவீதம் தேறிட்டாங்க" என்றார். மிச்ச இருபது எங்கே போயிற்று என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அவள் அங்கே சோதனைப் பொறியாளர். என்ன வேலை என்று கேட்ட உறவினர்களிடம் ஒருமுறை "மாடலிங்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அன்றிலிருந்து நாலு பேர் கூடும் இடத்தில் அவள் நுழைந்தால் போதும், ஏதாவது ஒரு சித்தப்பா இடுப்பில் கைவைத்து ஒயிலாக நடந்து காட்டாமல் விடுவதில்லை. அவள் செய்கிற மாடல் வேறு. இணையப் பக்கங்கள் எத்தனை நாள் மாறாமல் கிடக்கின்றன, எப்போது பழசாகின்றன என்று கணக்கெடுத்து, அதே மாதிரி நடந்துகொள்ளும் பொய் உலகம் ஒன்றைக் கட்டுவது.

அந்தப் பொய் உலகம் எதற்கு என்றால், கேஷ் பெட்டிகளைச் சோதிக்க. பணம் வைக்கும் பெட்டி இல்லை, பக்கம் வைக்கும் பெட்டி. ஓர் அலுவலகம் தன் பக்கங்களை ஒரு கணினியில் வைத்திருக்கிறது. லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் அதற்கு மூச்சுத் திணறும். அதனால் நடுவில் ஒரு பெட்டியை வைப்பார்கள். அது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு அதையே நீட்டும். வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அசல் மாறிவிட்டால் நகல் பொய். ரொட்டிப் பொட்டலத்தில் அச்சடிப்பதுபோல் பக்கத்தின் தலையில் "இந்தத் தேதிவரை செல்லும்" என்று போட்டுவிட்டால் தொல்லையில்லை. எந்த அலுவலகத்தில் எந்த எழுத்தர் அதைப் போடுகிறார்? பக்கத்தைப் போடுவதே அவர் நமக்குச் செய்யும் உபகாரம்.

ஆகவே பெட்டி தானே ஊகிக்கும். இதுவரை எத்தனை நாள் மாறவில்லையோ, அதில் பத்தில் ஒரு பங்கு காலம் இனியும் மாறாது என்று வைத்துக்கொள்ளும். நேற்று மாறிய பக்கத்தை இரண்டரை மணி நேரத்துக்கு நம்பும். நூறு நாள் மாறாத பக்கத்தைப் பத்து நாளைக்கு நம்பும். எவ்வளவு காலம் ஒன்றும் நடக்கவில்லையோ, அவ்வளவு காலம் இனியும் ஒன்றும் நடக்காது என்ற இந்த நம்பிக்கையை மனிதர்களிடம் பார்த்தால் சோம்பல் என்கிறோம். பெட்டிக்குள் இருந்தால் தொழில்நுட்பம்.

எல்லாப் பெட்டிகளும் இப்படித் துணிவதில்லை. அரசுத் துறைகளுக்கு விற்கப் போட்டிக்கு வந்த மூன்று பெட்டிகளில் இரண்டு, அரைமணிக்கு ஒருமுறை அசலிடம் போய் "மாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தன. மூன்றாவதுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதற்கும் மேலே ஒரு படி போய், தன் ஊகத்தை அலுவலகமே சொன்னதுபோல் பக்கத்தின் தலையில் தேதியாக எழுதியும் அனுப்பியது.

இவற்றில் எது நல்லது என்று சொல்லத்தான் அவளுடைய மாடல். ஒரு வருடத்துப் பதிவுகளை வாங்கி, இருபதாயிரம் பக்கங்களின் ஆயுளை வரைபடமாகப் போட்டாள். வளைவு அழகாக ஏறி அழகாக இறங்கியது. கடைசியில் மட்டும் ஒரு வால். நாற்பத்து மூன்று பக்கங்கள் மாதக்கணக்கில் செத்ததுபோல் கிடந்து, திடீரென்று ஒரே நாளில் ஐந்து முறை, ஆறு முறை மாறியிருந்தன. அந்த வாலுக்கு எந்தச் சூத்திரமும் அடங்கவில்லை.

"இந்த வால் என்னத்துக்கும்மா?" என்றார் சதவீதம் சார். "இருபதாயிரத்துல நாப்பத்து மூணு. பூஜ்யம் புள்ளி ரெண்டு சதவீதம். வெட்டிடு, படம் பளிச்சுனு இருக்கும்."

வெட்டினாள். படம் பளிச்சென்று ஆயிற்று. அந்த உலகத்தில் எந்தப் பக்கமும் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. மூன்றாவது பெட்டி ஜெயித்தது. "புத்தம்புதுமைக் குறியீடு: 99.7" என்று சுவர் உயரத்துக்குப் பலகை வைத்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் சாலைத் துறையும் ஆற்றுப் பாசனத் துறையும் சேர்ந்து அந்தப் பெட்டியை வாங்கி, ஆய்வுக்கூடத்திலேயே ஓர் அறையில் மாட்டின. சான்றிதழின் அடியில் சோதித்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

அவளைவிட அவள் அண்ணனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அவர் பால் டேங்கர் ஓட்டுகிறவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலை ஏற்றி, தரைப்பாலத்தைக் கடந்து, இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்குவது அன்றாட வேலை. தரைப்பாலம் என்றால் ஆற்றோடு ஆறாகக் கிடக்கும் தாழ்ந்த பாலம். மேலே அணையில் மதகைத் தூக்கினால் அது முங்கிவிடும். முன்பெல்லாம் கரையில் ஒரு காவலர் இருந்தார். தண்ணீர் வரும் என்றால் குறுக்கே சங்கிலி போடுவார். அண்ணன் கிளம்பும்முன் அவருக்குப் போன் போட்டு, அவருடைய மூட்டுவலியை முழுக்க விசாரித்து முடித்தால்தான் பாலம் திறந்திருக்கிறதா என்று தெரியவரும். இப்போது பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறதே என்று அவரை ஓர் அலுவலக வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் பக்கத்தின் முகவரியைத் தாங்கிய பலகை நிற்கிறது. அதற்கு மூட்டு வலிக்காது. சங்கிலி போடவும் தெரியாது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஊரில் வெயில் சுள்ளென்று அடித்தது. அணைக்கு மேலே மலையில் இரண்டு நாளாக மழை என்று காலைச் செய்தியில் கேட்டிருந்தாள், கேட்டு மறந்தும் இருந்தாள். பதினொன்றரைக்கு வெளியூரிலிருந்து எட்டுப் பேர் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட, அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் தயாரிக்கச் சொல்லியிருந்தார் சதவீதம் சார். பத்தரை மணிக்கு அதை ஓடவிட்டாள். எல்லா வரியும் பச்சை. ஒரே ஒரு வரி சிவப்பு.

தரைப்பாலம். அசல் பக்கத்தில்: "மூடப்பட்டுள்ளது. காலை 8.40 முதல்." பெட்டியின் நகலில்: "திறந்துள்ளது."

ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் சிவப்பு. பெட்டியின் குறிப்பைத் திறந்து பார்த்தாள். காலை ஆறு பத்துக்கு எடுத்த நகல். அதுவரை நூற்றுத் தொண்ணூறு நாள் மாறாமல் கிடந்த பக்கம். இன்னும் பத்தொன்பது நாள் செல்லும்.

கோளாறு எதுவும் இல்லை. பெட்டி தனக்கு விதித்ததை அட்சரம் பிசகாமல் செய்திருந்தது. அவள் கை தானாக, வெட்டிப்போட்ட நாற்பத்து மூன்றின் பட்டியலைத் திறந்தது. முப்பத்தொன்றாவது வரியில் இருந்தது தரைப்பாலம். போன மழைக்காலத்தில் ஒரே நாளில் ஆறு மாற்றம்: மூடல், திறப்பு, மூடல், திறப்பு, மூடல், திறப்பு. எதிரே அவளே தட்டியிருந்த குறிப்பு: "ஒழுங்கற்றது. நீக்கலாம்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

இயக்குநர் அறையில் சதவீதம் சார் கண்ணாடியைப் பார்த்து வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "காலத்தை வென்ற..." என்பதில் எந்தச் சொல்லை அழுத்துவது என்ற தீவிரமான யோசனை.

"சார், பெட்டி தப்பான பக்கம் குடுக்குது."

"எத்தனை சதவீதம்?"

"ஒரே ஒரு பக்கம், சார். ஆனா அது பாலம். மூடியிருக்கிற பாலத்தைத் திறந்திருக்குன்னு காட்டுது."

"இருபதாயிரத்துல ஒண்ணா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழுன்னு நாம சொன்னதே குறைச்சல்தான்!"

"சார், அந்தப் பாலத்துல ஆளுங்க போறாங்க."

"போறவங்களுக்குக் கண்ணு இல்லையா? தண்ணியைப் பாத்தா நிக்க மாட்டாங்களா?"

"பாலம் வளைவுக்கு அந்தப்புறம் இருக்கு. இறக்கத்துல வேகமா வருவாங்க. பக்கத்தை நம்பித்தானே சார் வர்றாங்க. அந்தச் சங்கிலிக்காரரைக்கூட நம்ம பெட்டியைக் காட்டித்தான் எடுத்தாங்க. கொஞ்ச நேரம் பெட்டியை நிறுத்திடலாம்."

அவர் சீப்பைக் கீழே வைத்தார். "இன்னும் அம்பது நிமிஷத்துல எட்டுப் பேர் வர்றாங்க. ஓடாத பெட்டியைக் காட்டி என்னன்னு சொல்றது? தூங்குதுன்னா? அந்த ஒரு நகலை மட்டும் அழிக்கச் சொல்லு."

"அழிக்கிற கடவுச்சொல் பெட்டி செஞ்ச கம்பெனிக்காரங்ககிட்டதான் இருக்கு."

"அப்ப அவங்களைக் கேளு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை இருக்கும்மா."

கம்பெனியைக் கூப்பிட்டாள். அவள் அழைப்பு தங்களுக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்று ஒரு குரல் நான்கு முறை சொன்னது. ஐந்தாவதாக ஓர் ஆள் வந்து, புகாரைப் பதிந்துகொண்டதாகவும் இரண்டு வேலைநாளில் யாராவது பேசுவார்கள் என்றும் தெரிவித்தான். அதை வைத்துவிட்டுச் சாலைத் துறைக்குப் போட்டாள்.

"நாங்க எட்டு நாப்பதுக்கே மூடிட்டோமேம்மா," என்றார் எழுத்தர், பல்லில் எதையோ குத்திக்கொண்டே. "என் கண்ணு முன்னாடியே இருக்கு. செவப்பு எழுத்துல, கொட்டை கொட்டையா."

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் நேரா அசலைப் பாக்குது, சார். ஊர்ல எல்லாருக்கும் பழசுதான் போகுது."

"எங்களுக்குச் சரியாத்தானே தெரியுது?"

"உங்களுக்கு மட்டும்தான் தெரியுது. யாரையாவது அனுப்பிப் பாலத்தை அடைக்க முடியுமா?"

"அனுப்பலாமே. ஜீப் டிரைவர் சாப்பிடப் போயிருக்கார்."

அதன் பிறகுதான் அவளுக்கு மணி உறைத்தது. பத்து ஐம்பது. அண்ணனின் டேங்கர் அந்தக் கரையிலிருந்து கிளம்பும் நேரம். போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்கமாட்டார். எடுக்கக்கூடாது என்று மண்டையில் அடித்துச் சொன்னவளும் இவள்தான். அண்ணிக்குப் போட்டாள்.

"இப்பத்தான் பால் ஏத்திட்டுக் கெளம்பறேன்னு சொன்னாரு," என்றாள் அண்ணி. "ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பாலம் மூடியிருக்கு அண்ணி. எப்படியாவது அவரை நிறுத்தணும்."

"இல்லியே, தெறந்திருக்குன்னாரே. ஒம்பது மணிக்கே பாத்துட்டாரு. பால் பண்ணையில அத்தனை டிரைவருக்கும் போனைத் திறந்து காட்டிட்டுத்தான் வந்திருக்காரு. என் தங்கச்சி பாஸ் பண்ண மெஷின்டா, கை வைக்கறதுக்குள்ள வந்து நிக்குது பாருன்னு ஒரே பீத்தல். நீயே தப்புங்கிறியா?"

"நீங்களும் விடாம போட்டுட்டே இருங்க. எடுத்தா நிக்கச் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

பெட்டி இருந்த அறைக்கு ஓடினாள். அங்கே வயர்க்காரர் இருந்தார். இருபது வருடமாக அந்தக் கட்டடத்தின் ஒயர்களோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒயரைத் தவிர எதன்மீதும் அவருக்கு மரியாதை கிடையாது. விருந்தினர் வருகிறார்கள் என்று பெட்டியைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதைக் கழட்டணும்."

"எதை?"

"பெட்டியை. இப்பவே. நேரா அசலுக்கே போகிற மாதிரி மாத்தி விடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பெரியவர் கையெழுத்து?"

"இல்லை."

"உன் வேலை போயிடும்."

"தெரியும்."

"என் வேலையும்."

"நீங்க வெளியே போய் நில்லுங்க. எந்த ஒயர்னு மட்டும் சொல்லுங்க."

"அந்த நீலம் ரெண்டையும் உருவி இதுல சொருகு," என்றார் வயர்க்காரர். வெளியே போகவில்லை. விளக்கைத்தான் அவளுக்குப் பிடித்தார்.

சொருகினாள். தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். மெதுவாக, மிக மெதுவாக வந்தது: "மூடப்பட்டுள்ளது." அவளுக்கு மூச்சு வந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள வயர்க்காரரின் போனை வாங்கி அதிலும் திறந்தாள். வந்துகொண்டே இருந்தது. வரவில்லை. இதுவரை பெட்டியின் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்த அசல் கணினியின் மேல் ஊரே ஒட்டுமொத்தமாக விழுந்திருந்தது. இரண்டே நிமிடத்தில் அது மூச்சை விட்டது. அதன் பிறகு யாருக்கும் எந்தப் பக்கமும் வரவில்லை.

"போவட்டும் விடு," என்றார் வயர்க்காரர். "பொய் சொல்றதுக்கு வாயடைச்சுக் கெடக்கறது மேல்."

அவளுக்கு வேறொன்று மண்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி தன் ஊகத்தைப் பக்கத்தின் தலையில் எழுதி அனுப்புகிறது. அந்தத் தேதியைப் படிப்பவர்கள் மனிதர்கள் அல்ல, போன்கள். "பத்தொன்பது நாள் செல்லும்" என்று எழுதியிருந்தால் போன் அந்தப் பக்கத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மறுபடி திறந்தால் யாரிடமும் போய்க் கேட்காது, பையிலிருந்து எடுத்து நீட்டும். அதனால்தான் கண்ணிமைக்கும் வேகம். சோதனையில் இது ஏன் தெரியவில்லை? தெரியாது. அவள் படைத்த பொய் வாசகர்கள் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்குச் சட்டைப்பை வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியைப் பிடுங்கியாயிற்று. ஆனால் காலையில் பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதைப் பிடுங்க எந்த அறையிலும் ஒயர் இல்லை. பார்க்காமல் கிளம்பியவன் பாலத்தருகே வந்து போனைத் திறந்தால் ஒன்றும் வராது, பயந்து நிற்பான். பார்த்துவிட்டுக் கிளம்பிய ஜாக்கிரதைக்காரனுக்கு "திறந்துள்ளது" என்று உடனே வரும். இப்போது ஊரில் பேசுகிற ஒரே குரல் அந்தப் பொய்தான்.

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன பாப்பா, நீ ஏழு தடவை, உங்க அண்ணி பதினோரு தடவை. யாராவது போய்ச் சேந்துட்டாங்களா?"

"எங்க இருக்கீங்க?"

"வளைவுல. ஓரங்கட்டிட்டுத்தான் பேசறேன், திட்டாத."

"அண்ணா, பாலத்துல ஏறாதீங்க. மூடியாச்சு."

"தெறந்திருக்குன்னு போட்டிருக்கே. இரு... இதோ, இப்பவும் பாத்துட்டேன். டக்குனு வந்துச்சு பாரு."

"அது பழசு. உங்க போன் காலையில வாங்கி வெச்சிருந்ததைக் காட்டுது. அணையில மதகைத் தூக்கிட்டாங்க."

"நீதானேம்மா இதைச் சோதிச்சே?"

"ஆமா."

"நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டே?"

"போட்டேன். தப்பா போட்டேன் அண்ணா. இந்தப் பாலத்தை நான்தான் கணக்குலேருந்து எடுத்துட்டேன். படம் அழகா வரணும்னு எடுத்துட்டேன்."

மறுமுனையில் வண்டிக் கதவு திறக்கும் சத்தம். இறங்கி நடக்கிறார். சரளைக்கல் நெரிபடுவது அவளுக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், கனமாக, இடைவெளியே இல்லாமல்.

"ஐயையோ," என்றார் அண்ணன் மெதுவாக. "தண்ணிக்கு மேல பாலத்துக் கைப்பிடிக் கல்லு ஒண்ணும் காணோம் பாப்பா."

"வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்துங்க. யாரையும் விடாதீங்க."

அவர் ஓடினார். எஞ்சின் உறுமியது. பெரிய வண்டி முன்னும் பின்னும் அசைந்து குறுக்கே மடங்கும் சத்தம். உடனே ஹாரன்கள். ஒன்று, மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. கதவுகள் அறைபட்டன. யாரோ கத்தினார்: "பெரியவரே, பாலை ஏத்தறதுக்கு முன்னாடி வேற எதையாச்சும் ஏத்திக்கிட்டீங்களா? வண்டியை எடுங்க!" இன்னொரு குரல்: "கண்ணு தெரியலையா? இதோ பாருங்க, தெறந்திருக்குன்னு போட்டிருக்கு!"

"எல்லாரும் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டறாங்க பாப்பா," என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "அத்தனையிலயும் அதே பக்கம்."

"ஒருத்தரையாவது வளைவைத் தாண்டி நடந்து போய்ப் பாக்கச் சொல்லுங்க. பாத்தா அடங்கிடுவாங்க."

"சொல்றேன். எவனும் நகர மாட்டேங்கறான். பார்க்கறதுக்கு என்ன இருக்கு, இதுலயே போட்டிருக்கேங்கறான்."

வயர்க்காரர் பக்கத்தில் வந்து நின்றார். தாழ்வாரத்தில் சதவீதம் சாரின் குரல் யாரையோ வரவேற்றுக்கொண்டு நெருங்கியது. அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தினாள்.

"அண்ணா, உங்களுக்கு முன்னாடி யாராவது போனாங்களா?"

ஹாரன் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை போலிருந்தது. மறுபடி கேட்டாள்.

"ஒரு வேன் என்னைத் தாண்டிப் போச்சு," என்றார். "நான் உன்னோட பேச ஓரங்கட்டினப்ப. உள்ள ஆளுங்க இருந்தாங்க. ஒரு பொம்பளைப் புள்ள பின்கண்ணாடி வழியா எனக்குக் கைகாட்டிட்டுப் போச்சு."

"அந்தக் கரையில ஏறிடுச்சா?"

"எறங்கினதைத்தான் பாத்தேன் பாப்பா."